பொது மண்டபத்தில் விருந்தாளி அறை கட்டப் போகும் பிள்ளைகளுக்கு

கமிட்டியில் இருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

புதுக் குடியிருப்பில் பொது மண்டபம் கட்டும்போது, வெளியூரிலிருந்து வரும் சொந்தபந்தம் தங்குவதற்கு அதோடு சேர்த்து இரண்டு அறை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போடுங்கள். தெஹியோவிட்ட, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் கட்டட வேலையிலேயே வயதைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை, தொடங்கிய பிறகு ஒரு தடவை வாசியுங்கள்.

1. இது ஆடம்பரம் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் புகை அடைந்த குசினி. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அதற்குள்தான் பிறந்தார்கள், கல்யாணம் முடித்தார்கள், கண்ணை மூடினார்கள். இப்போது இந்திய உதவித் திட்டத்தில் மலையகத்துக்குக் கிடைக்கும் தனி வீடு 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, கக்கூஸ். 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடு தருவதாக அறிவித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லயத்தில் இருந்தவனுக்கு அந்த வீடு பெரிது. ஆனால் மூத்த மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் இரண்டு அறையும் நிறைந்துவிடும். விருந்தாளிக்கென்று வீட்டுக்கு வீடு மூன்றாவது அறை கட்ட நம்மால் முடியாது. முப்பது நாற்பது வீடு சேர்ந்தால் இரண்டு அறை கட்டலாம்.

பணம் உள்ள நாட்டுக்காரர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். டென்மார்க்கில் 1972இல் சேட்டெடாமென் என்ற இடத்தில் 27 குடும்பங்கள் சேர்ந்து, ஆளுக்கொரு வீடும் எல்லோருக்குமாக ஒரு பொது வீடும் கட்டிக் குடியேறின. கேத்ரின் மெக்காமண்ட், சார்ள்ஸ் டரட் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் இருவரும் டென்மார்க்குக்குப் போய் இந்தக் குடியிருப்புகளைப் பார்த்து 1988இல் புத்தகம் எழுதினார்கள். 1991இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் மியூர் கொமன்ஸ் என்ற குடியிருப்பு அதே முறையில் எழுந்தது. இப்படிப்பட்ட இடங்களில் பொது வீட்டில் பெரிய குசினி, சேர்ந்து சாப்பிடும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம், கூடவே விருந்தாளிக்கு ஓரிரு அறை இருக்கும். பொதுவில் அறை இருப்பதால் தனி வீட்டைச் சின்னதாகக் கட்ட முடிகிறது. கூட்டத்தில் எதிர்ப்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

2. யார் வந்து தங்கப் போகிறார்கள் என்று கொப்பியில் எழுதிய பிறகு படம் போடுங்கள். தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வீடு ஆள் வரும். அந்தக் கூட்டத்துக்கு இரண்டு அறை போதாது, பத்து அறை கட்டினாலும் போதாது. இளந்தாரிப் பையன்கள் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள், அவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் அறை கட்டுவது கைக்குழந்தைக்காரிக்கு. முழங்கால் வலியோடு இரத்தினபுரியிலிருந்து பஸ் மாறி மாறி வரும் பாட்டிக்கு. கட்டிக்கொடுத்த மகள் முதல்தடவை மாப்பிள்ளையோடு வரும்போது அந்த இரண்டு பேருக்கு. கரவனெல்லை ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு, பார்க்கும் நேரத்துக்கு அங்கே போக வேண்டியவர்களுக்கு. கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய் வருடத்துக்கு இரண்டு தடவை ஊர் திரும்பும் பெண் பிள்ளைகளுக்கு. அவர்கள் போவதற்கு முன் படுத்த இடத்தில் இப்போது அண்ணி படுத்திருப்பாள்.

சாவு வீட்டையும் மறக்காதீர்கள். பிரேதம் வீட்டில் இருக்கிற இரவில் வெளியூரிலிருந்து வந்த வயதானவர்கள் கொஞ்ச நேரம் தலை சாய்க்க இடமில்லாமல் இஸ்தோப்பில் குந்தியே விடிய வைப்பதைக் காலமெல்லாம் பார்த்திருக்கிறோம்.

3. நான் இதுவரை சொன்னதை எல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். அந்த அறையில் விருந்தாளிக்கு முதலில் வேண்டியது மறைவு. கட்டில் இல்லாவிட்டால் பாயில் படுப்பார்கள். காத்தாடி இல்லாவிட்டால் விசிறிக்கொள்வார்கள். மறைவு இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

லயத்தில் விருந்தாளி வந்த இரவை உங்களில் பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆம்பிளைகள் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுப்பார்கள். காம்பராவுக்குள் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக. வீட்டுக்காரி அடுப்படியில் ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்வாள், காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவளும் அவள்தான். வந்த பெண் சேலை மாற்ற வேண்டுமென்றால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் எழுந்து வெளியே போக வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் தலையையும் மூடிக்கொள்வாள். இரண்டு நாளில் விருந்தாளி கிளம்பிவிடுவார். போக மனம் இருந்து போக மாட்டார், வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஆகவே கதவைப் பற்றி நிறையப் பேசுங்கள். உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட முடிகிற, பலமான மரக்கதவு. கதவு திறந்தால் கட்டில் நேராகத் தெரியக்கூடாது, கதவுப்பலகை கட்டிலை மறைக்கும் பக்கமாகத் திறக்கும்படி கீல் அடிக்கச் சொல்லுங்கள். ஆசாரி அவர் வசதிக்குத்தான் அடிப்பார், பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அறைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போக வேண்டும். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் பாதியோடு நின்று மேலே வெறுமையாக இருந்ததால் ஒரு வீட்டுப் பேச்சு நாலு வீட்டுக்குக் கேட்டது. செலவைக் குறைக்கிறேன் என்று சொல்லி எட்டடியில் சுவரை நிறுத்த மேசன் பாஸ் கேட்பார். விடாதீர்கள்.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. சிங்களக் கிராமங்களில் அம்பலம் இருக்கிறது, நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டில் திண்ணையும் சத்திரமும் இருந்தன. அவை பெரும்பாலும் திறந்தவை, நடந்து களைத்த ஆம்பிளைக்குப் போதுமானவை. பச்சைக் குழந்தையோடு வரும் பெண்ணுக்கு அவை போதாது.

4. மேசன் பாஸிடம் அளவு கேட்டால் யோசிக்காமல் பத்துக்குப் பன்னிரண்டு என்பார். கை பழகிய அளவு அது. நீங்கள் பதினொன்றுக்குப் பதின்மூன்று கேளுங்கள். மூன்றடி அகலத்தில் இரண்டு தனிக் கட்டில், நடுவில் மூன்றடி வழி என்றால் ஒன்பதடி போகும். மிச்சம் இரண்டடியில் ஒரு சின்ன மேசை வைக்கலாம். கால்மாட்டில் இருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கலாம். இரட்டைக் கட்டில் வாங்காதீர்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தால் இரண்டையும் சேர்த்துப் போடலாம், மாமியாரும் நாத்தனாரும் வந்தால் பிரித்துப் போடலாம்.

5. இடம். சப்ரகமுவையில் மழையும் மண்ணும் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. கேகாலையும் இரத்தினபுரியும் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கையில் இல்லாமல் அத்திவாரம் வெட்டவே கூடாது.

மண்டபத்துக்கு அந்தச் சிபாரிசு கிடைத்த பிறகும் எச்சரிக்கையாக இருங்கள். வழக்கமாக மண்டபத்தை முன்னால் அகலமாகக் கட்டிவிட்டு, அறைகளை மிச்சம் கிடக்கும் பின்பக்கத்தில், மலையை வெட்டிய மண்சுவருக்கு ஒட்டினாற்போல் செருகுவார்கள். தூங்குகிற ஆள் இருக்கும் இடத்தை மலைப்பக்கம் வைப்பதா? அறைகள் பள்ளத்துப் பக்கமோ ஓரத்திலோ வரட்டும். மலைப்பக்கம் களஞ்சிய அறையை வையுங்கள். வெட்டிய மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நடந்து கான் துப்புரவு செய்கிற அளவுக்கு இடம் விடுங்கள். அந்தக் கானை வைகாசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை வெட்டிவிட வேண்டும்.

இன்னொன்று, மேடைக்கும் ஒலிபெருக்கி வைக்கும் மூலைக்கும் எதிர்க்கோடியில் அறையைப் போடுங்கள். அறைக்குப் போகிற வழி மண்டபத்துக்குள் இருக்கக்கூடாது, வெளியிலிருந்து தனி வாசல் வேண்டும். ஆனால் அந்த வாசல் ஏதாவது ஒரு வீட்டின் இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் தெரியட்டும். தனியாகத் தங்கும் பெண்ணுக்கு அதுதான் காவல்.

6. தெஹியோவிட்டப் பக்கம் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. தகரக் கூரையின் கீழ் அந்த மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, கைக்குழந்தை எப்படித் தூங்கும்? ஓடு போட வசதி இல்லாவிட்டால் தகரத்தின் கீழ் சீலிங் கட்டாயம் அடியுங்கள். தாழ்வாரம் மூன்றடி வெளியே நீளட்டும். அப்போதுதான் மழை பெய்யும்போதும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

ஜன்னல் இரண்டு சுவரில் வேண்டும், ஒரே சுவரில் இரண்டு வைப்பதில் பிரயோசனமில்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனால்தான் பூஞ்சணம் பிடிக்காது. பாதையைப் பார்த்த சுவரில் ஜன்னலின் அடிக்கட்டை ஐந்தரை அடி உயரத்தில் இருக்கட்டும். நடந்து போகிறவர் எட்டிப் பார்க்க முடியாது, வெளிச்சமும் காற்றும் வரும். ரப்பர்க் காட்டைப் பார்த்த சுவரில் இரண்டரை அடியிலேயே பெரிய ஜன்னலாக வையுங்கள். கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கு மரம் தெரிய வேண்டும். இரண்டுக்கும் கம்பி, கம்பிக்கு வெளியே நுளம்பு வலை. கூரைக்குக் கீழே காற்றுப் போக வெளிச்சுவர்களில் ஓட்டைக்கல் வைத்து அதற்கும் வலை அடியுங்கள்.

7. கக்கூஸ் அறையோடு சேர்ந்து இருக்க வேண்டும், அறைக்கு ஒன்று. மண்டபத்துக்குக் கட்டும் பொதுக் கக்கூஸையே விருந்தாளியும் பாவிக்கட்டும் என்று செலவுக் கணக்குப் பார்ப்பவர் சொல்வார். இரவு இரண்டு மணிக்கு, அடைமழையில், அட்டை ஏறும் புல்லுக்குள்ளால் கையில் டோர்ச்சோடு எழுபது வயதுப் பாட்டி நடந்து போவதை நினைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஒரு அறையிலாவது கொமட் வையுங்கள், அதன் பக்கத்துச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு இரும்புப் பைப் பதியுங்கள். தரைக்கு வழுக்காத ஓடு. வாசலில் படி வேண்டாம், சரிவாக விடுங்கள்.

தண்ணீர் பீலியிலிருந்து பைப் போட்டு எடுப்பதாக இருந்தால் அறைகளுக்குத் தனியாக ஒரு தாங்கி வேண்டும். இல்லாவிட்டால் காலையில் எல்லா வீட்டிலும் பைப் திறக்கும்போது விருந்தாளிக்குச் சொட்டுத் தண்ணீரும் வராது. மலக்குழியை ஊற்றுக்கு மேட்டுப் பக்கம் ஒருநாளும் வெட்டாதீர்கள்.

8. தளபாடம் குறைவாக இருக்கட்டும். ரப்பர்ப் பலகையில் கட்டில் செய்வதானால் பதப்படுத்திய பலகையா என்று கேட்டு வாங்குங்கள், பச்சையாக அறுத்த ரப்பர்ப் பலகையை உளு தின்று மாவாக்கிவிடும். சுவரில் ஆணியடித்த கொக்கி ஏழெட்டு, உடுப்புப் பைக்கு ஒரு வாங்கு, முகம் பார்க்கக் கண்ணாடி, நுளம்பு வலை கட்ட மேலே வளையம். விருந்தாளி போனதும் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கறுத்துவிடும். கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும். மழைக்காலத்தில் ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில் காயாமல், ஒன்று அலமாரியில் இருக்கும். துணி காயப் போடக் கூரை போட்ட ஓரிடம் படத்திலேயே இருக்கட்டும். கட்டி முடித்த பிறகு அதற்கு இடம் கிடைக்காது.

அறைக்குள் சமைக்க வசதி வேண்டாம். சுடுதண்ணீர் வைக்க ஒரு கேத்தல் போதும். சாப்பாடு சொந்தக்காரர் வீட்டில்தான், அதற்குத்தானே வருகிறார்கள்.

9. கரண்ட் வேலையில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி எப்படி விழும் என்று தெரியும்தானே. ஏர்த் ஒழுங்காக இறக்கி, ட்ரிப் சுவிட்ச் போட்டு, படித்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கட்டும், இருட்டில் தடவிக்கொண்டு போகாமல் விளக்குப் போடலாம்.

10. அறையைக் கட்டுவதைவிட அதை நம் ஆட்களுக்கே வைத்துக்கொள்வது கஷ்டம். திறப்பு விழா முடிந்ததும் சங்கத்துப் பெரியவர் வருகிறார், அமைச்சரோடு வந்தவர் தங்க வேண்டும், ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு மாதம் இருக்கட்டும் என்று கேட்டு வருவார்கள். ஒரு தடவை கொடுத்தால் பிறகு வாங்க முடியாது. பிறகு அறை யாரோ பெரிய ஆளுக்கு என்று பூட்டியே கிடக்கும். பாட்டி மறுபடி இஸ்தோப்பில் படுப்பாள். அறை இங்கே குடியிருப்பவரின் விருந்தாளிக்கு மட்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாவு வீடும் ஆஸ்பத்திரியும் முதலில், பிறகு கைக்குழந்தைக்காரி, பிறகு மற்றவர்கள். ஆள் காத்திருந்தால் மூன்று இரவுக்கு மேல் ஒருவருக்கும் இல்லை. குடித்துவிட்டு வருகிறவருக்கு இல்லவே இல்லை.

எந்தச் சாதி, எந்தக் கோயில், எந்தச் சங்கம் என்று பார்த்து அறை கொடுத்தால் அந்த அறையை இடித்துவிடுவது நல்லது. தீட்டு என்று சொல்லி மாதவிலக்கான பெண்ணை அங்கே கொண்டுபோய் விடுவதற்கும் அந்த அறை இல்லை.

சாவி இரண்டு செய்து இரண்டையும் மாதர் சங்கத்திடம் கொடுங்கள். ஒரு சாவி மேட்டு வரிசையில் ஒருத்தியிடம், ஒன்று பணிய வரிசையில் ஒருத்தியிடம் இருக்கட்டும். கோயில் கமிட்டித் தலைவரிடம் வேண்டாம், இரவு பத்து மணிக்கு ஒரு பெண் போய்த் தட்டத் தயங்காத வீடாக இருக்க வேண்டும். கொப்பியில் பெயர், எந்த வீட்டு விருந்தாளி, வந்த நாள், போன நாள் எழுதுங்கள். விரிப்புத் துவைக்கவும் கரண்டுக்கும் ஒரு சின்னத் தொகை வாங்குங்கள். துவைக்கிற பெண்ணுக்கு அந்தப் பணத்திலிருந்து கூலி கொடுங்கள். பொது வேலை என்று சொல்லி ஒருத்தியையே சும்மா துவைக்க வைத்தால் ஆறு மாதத்தில் அறை நாறும்.

11. அறையில் ஒட்டும் ஒழுங்குகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். நம்மைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். பிள்ளைகளோடு படித்தவர்கள், வேலை செய்தவர்கள், சம்பந்தம் செய்தவர்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்தும் நம் வீடுகளுக்கு விருந்தாளி வருகிறார்கள். அவர்களும் தலைசாய்க்கிற அறைதான் இது.

12. கடைசியாக ஒன்று கேட்கிறேன். நீங்கள் அனுப்பிய பட்டியலில் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆம்பிளைகள். விருந்தாளி வந்தால் எழுந்து இடம் கொடுத்தவர்கள், அடுப்படியில் சுருண்டு படுத்தவர்கள், விரிப்பைத் துவைத்துக் காயப் போட்டவர்கள் அதில் இல்லை. அடுத்த கூட்டத்தைக் கொழுந்து நிறுத்து, ரப்பர்ப் பால் கொடுத்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு வையுங்கள். மருமகள்களையும் பாட்டிமாரையும் கூப்பிடுங்கள். கட்டப்போகும் இடத்தில் சுண்ணாம்பால் அறையின் அளவைக் கோடு போட்டு, அதற்குள் இரண்டு பாயை விரித்து, அவர்களை நின்று பார்க்கச் சொல்லுங்கள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று அவர்கள் கை காட்டிய பிறகு மேசன் பாஸைக் கூப்பிட்டுக் கயிறு பிடியுங்கள்.